ஒரு நிரலுக்கு விடைகொடுத்தல்

இரும்பு துருப்பிடிக்கிறது. மரம் உளுத்துப் போகிறது. நிரலுக்கு அந்தக் கதி இல்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எழுதிய வரி இன்றும் அதே வரிதான். அதில் ஓர் எழுத்தும் தேய்வதில்லை. ஆயினும் நிரல்கள் மூப்படைகின்றன. தாம் நிற்கும் இடத்திலேயே அவை நின்றுகொண்டிருக்க, சுற்றியுள்ள உலகம் நகர்ந்துவிடுவதால் வரும் மூப்பு அது. மூத்த நிரலை என்ன செய்வது என்ற கேள்வியை, அதை எழுதியவர்கள் என்றேனும் ஒருநாள் சந்தித்தே ஆகவேண்டும்.

நால்வராக இருந்தபோது எழுதிய ஒரு சிறு நிரலுக்கு, மூவராக எஞ்சியிருக்கும் நாங்கள் அண்மையில் ஓய்வு கொடுத்தோம். அதைப் பற்றியே இக்கட்டுரை. கணினி நுட்பத்தில் பழக்கமில்லாத வாசகர்கள் தயங்க வேண்டியதில்லை. சுற்றி வளைத்துப் பேசினாலும், கடைசியில் விஷயம் ஒரு தமிழ் எழுத்தில்தான் வந்து நிற்கிறது.

எங்களில் ஒருவர் நாமக்கல், ஒருவர் திருச்செங்கோடு, ஒருவர் சேலம். இப்போது இல்லாதவர் இராசிபுரம். பிழைப்புக்கு மென்பொருள், பொழுதுக்கு இலக்கியம் என்று வாழ்பவர்கள். சிற்றிதழ்களைத் தேடித் தேடிப் படித்த காலத்தில் நண்பர்களானோம். படித்ததைப் பாதுகாக்க வேண்டும் என்ற எண்ணத்தில் நிரல் எழுதத் தொடங்கினோம்.

*

வலைத்தளம் கட்டுவதற்கான சட்டகம் என்றால் என்ன என்பதை எங்கள் பக்கத்தில் விளக்குவது எளிது. நாமக்கல்லில் லாரி வாங்குபவர் வெகுகாலமாகச் செய்து வந்தது இதுதான்: நிறுவனத்திடமிருந்து சேசிஸை வாங்கி, அதைப் பட்டறையில் விட்டுப் பாடி கட்டுவார். எந்திரமும் அச்சும் சக்கரமும் நிறுவனத்துடையவை. மரமும் தகடும் வண்ணமும், முகப்பில் எழுதும் குலதெய்வத்தின் பெயரும் பட்டறைக்காரருடையவை. வலைச்சட்டகம் அந்தச் சேசிஸ். அதன்மேல் பொருத்தும் ஒவ்வொரு பகுதியும் ஒரு மாட்யூல். சேசிஸின் அளவு மாறினால் பழைய பாடி பொருந்தாது என்பதைப் பட்டறையில் வேலை பார்க்கும் சிறுவனும் அறிவான்.

நாங்கள் எடுத்துக்கொண்ட சேசிஸ் ஜாங்கோ. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரில், ஒரு நாளிதழின் வலைப்பிரிவில் பணியாற்றிய அட்ரியன் ஹோலவாட்டியும் சைமன் வில்லிசனும் 2003இல் உருவாக்கத் தொடங்கியது அது. 2005 ஜூலையில் கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்டது. செய்தித்தாளின் அவசரத்துக்காகப் பிறந்ததால், அடிக்கடி தேவைப்படும் பல பகுதிகளை அது தன்னோடேயே சுமந்து வந்தது. அவற்றுள் ஒன்றின் பெயர் லோக்கல்ஃபிளேவர். ஒவ்வொரு நாட்டுக்கும் உரிய சின்னச் சின்ன விவரங்களின் தொகுப்பு அது. இந்தியாவுக்கான பகுதியில் மாநிலங்களின் பட்டியல் இருந்தது. அஞ்சல் குறியீட்டு எண் ஆறு இலக்கமா என்று சரிபார்க்கும் வசதியும் இருந்தது.

உலகின் ஏதோ ஒரு மூலையில் எழுதப்பட்ட மென்பொருளுக்குள் தமிழ்நாட்டின் பெயர் இருப்பதைக் கண்டு அந்நாளில் நாங்கள் மகிழ்ந்ததுண்டு. ஆனால் ஊர்ப் பெயர்களும் எல்லைகளும் சட்டகத்தின் நாட்காட்டியைப் பார்த்து மாறுவதில்லை. உத்தராஞ்சல் 2007இல் உத்தராகண்ட் ஆயிற்று. ஒரிஸா 2011இல் ஒடிசா ஆயிற்று. 2014 ஜூன் 2ஆம் தேதி தெலங்கானா பிறந்தது. எங்களுக்கு இது புதிதும் அல்ல. பழைய சேலம் மாவட்டத்திலிருந்து 1965இல் தருமபுரி பிரிந்தது. 1997 ஜனவரி முதல் நாளில் நாமக்கல் பிரிந்தது. சேலம் மாவட்டத்தில் பிறந்து, வீடு மாறாமலேயே நாமக்கல் மாவட்டத்துக்காரர்களாக ஆனவர்கள் எங்களில் இருவர்.

இப்படிப் பல நாடுகளின் விவரங்களையும் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு, அவை மாறும்போதெல்லாம் முழுச் சட்டகத்தின் அடுத்த பதிப்புக்காகக் காத்திருப்பது பொருத்தமற்றதாயிற்று. 2013 பிப்ரவரியில் வந்த 1.5ஆம் பதிப்பில் லோக்கல்ஃபிளேவருக்கு எச்சரிக்கை ஒட்டினார்கள். அதே ஆண்டு நவம்பரில் வந்த 1.6ஆம் பதிப்பில் அதை நீக்கினார்கள். நீக்குவதற்கு முன்பே தனிக் கட்டாக அதற்கு வேறோர் இடம் அமைத்துக் கொடுத்துவிட்டார்கள் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. வீட்டை விட்டு அனுப்பப்பட்ட பிள்ளை, தனிக்குடித்தனத்தில் நன்றாகவே வாழ்கிறது.

எல்லா மாட்யூல்களுக்கும் அந்த வாழ்வு வாய்ப்பதில்லை. ஜாங்கோ எழுதப்பட்ட மொழியான பைத்தான், "பேட்டரிகள் உள்ளேயே இருக்கின்றன" என்று பெருமை பேசிக்கொண்ட மொழி. அந்தப் பேட்டரிகளில் சில செத்துப்போய்விட்டன என்று 2019இல் ஒரு முன்மொழிவு எழுதப்பட்டது. செத்த பேட்டரிகளை நீக்குதல் என்பதே அதன் தலைப்பு. 2024 அக்டோபரில் வந்த பைத்தான் 3.13இல் அவ்வாறு பத்தொன்பது மாட்யூல்கள் நீக்கப்பட்டன. அவற்றுள் சிஜிஐயும் ஒன்று. இணையம் இளமையாக இருந்த நாளில், படிவத்தில் ஒருவர் எழுதியதை வாங்கி விடை சொல்லும் பக்கங்களுக்கெல்லாம் அதுதான் வாசற்படி. எங்கள் நால்வரின் முதல் வலைப்பக்கமும் அந்த வாசற்படியில் நின்றதுதான். அது போன செய்தியைப் படித்த அன்று எங்களுக்குள் சற்று நேரம் பேச்சு எழவில்லை.

*

இனி எங்கள் நிரலுக்கு வருகிறோம். 2009இல் அதை எழுதினோம். பழைய எழுத்துருக்களில் தட்டெழுதப்பட்ட கோப்புகளை வலைத்தளத்தில் ஏற்றும்போதே ஒருங்குறிக்கு மாற்றித் தரும் மாட்யூல் அது.

இன்றைய இளைஞர்களுக்கு அந்தக் காலத்தின் குழப்பத்தைச் சொன்னால் வியப்பாக இருக்கும். ஒருங்குறியின் முதற்பதிப்பில், 1991இலேயே, தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது. ஆயினும் கணினிகள் அதைச் சரிவரக் காட்டப் பல ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் ஆளுக்கோர் எழுத்துரு, எழுத்துருவுக்கோர் குறியாக்கம். திஸ்கி ஒருபுறம். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த டாம், டாப் மறுபுறம். ஈழத்தமிழரிடையே பரவலாகப் புழங்கிய பாமினி. தமிழக அரசு அலுவலகங்களில் நிலைபெற்ற வானவில். ஒருங்குறியையே இனிப் பயன்படுத்த வேண்டும் என்று தமிழக அரசு ஆணையிட்டது 2010இல்தான்.

அந்த எழுத்துருக்கள் செய்தது ஒரு வேடம். ஆங்கில எழுத்துக்கு உரிய இடத்தில் தமிழ் எழுத்தின் வடிவத்தை வரைந்து வைத்துவிடும். பாமினியில் அம்மா என்று எழுத, எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற வரிசையில் விசைகளை அழுத்த வேண்டும். எழுத்துரு இருக்கும் கணினியில் அது அம்மா. இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கிலக் குவியல். ஒரு தலைமுறை எழுதிய கதைகளும் கட்டுரைகளும் கல்யாணப் பத்திரிகைகளும் இரங்கல் மலர்களும் இந்த வேடத்துக்குள் கிடந்தன.

வேடத்தைக் கலைப்பது, எழுத்துக்கு எழுத்து மாற்றிப் போடும் எளிய வேலை என்று தொடக்கத்தில் தோன்றும். அப்படி இல்லை. பழைய எழுத்துருக்கள் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் எழுதும். 'கொ' என்பதற்கு முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். ஒருங்குறியோ ஒலியின் வரிசையில் எழுதும்: முதலில் ககரம், அதன்பின் ஒகரக் குறி. ஆகவே ஒவ்வொரு கொம்பையும் அதற்குரிய மெய்க்குப் பின்னால் நகர்த்த வேண்டும். இது உழைப்பால் தீரும் சிக்கல்.

உழைப்பால் மட்டும் தீராத சிக்கல் ஒன்றுண்டு. ஔகாரக் குறியின் வலப்பாதி, வடிவத்தில் ளகரத்தைப் போலவே இருக்கிறது. பழைய எழுத்துருக்களில் கொம்பு, மெய், ளகரம் என்றே இரண்டையும் தட்டினார்கள். மௌனம் என்பதும் மெளனம் என்றே கோப்பில் இருக்கும். தெளிவு என்பதில் ளகரம் உண்மையான ளகரம். ஆனால் ஏமாந்த மாற்றி அதையும் ஔகாரமாக்கி, 'தௌ' என்று எழுதி, அதன் தலைமேல் ஓர் இகர விசிறியை ஒட்டிவைத்துவிடும். ளகரத்துக்குப் புள்ளியோ வேறு உயிர்க்குறியோ இருந்தால் அது ளகரம், வெறும் ளகரமாக நின்றால் அது ஔகாரம் என்று ஒரு விதி செய்யலாம். மௌனம், பௌத்தம், கௌரவம், வௌவால் எல்லாம் அவ்விதியில் சரியாகிவிடும். எழுத்துத் தமிழுக்கு அந்த விதி ஏறக்குறையப் போதும்.

எங்கள் ஊர்த் தமிழுக்குப் போதாது. இங்கே விளக்கு 'வெளக்கு'. கிளம்புவது 'கெளம்பறது'. விளையாட்டு 'வெளயாட்டு'. பிளந்தது 'பெளந்துது'. கொம்பும் மெய்யும் வெறும் ளகரமும் வரிசையாக வருகின்ற சொற்கள் கொங்குப் பேச்சில் நிறைய. எங்கள் நிரல் முதன்முதலில் ஒரு சிறுகதையை மாற்றியபோது, 'வெளக்கு' என்பதை 'வௌக்கு' என்று எழுதியது. 1942இல் ஆர். சண்முகசுந்தரம் 'நாகம்மாள்' எழுதிய நாள்முதல் இந்த மண்ணின் பேச்சுக்கு அச்சில் ஓர் இடம் இருந்து வந்திருக்கிறது. அதை ஒரு விதியின் வசதிக்காகக் கெடுத்துவிட யாருக்கு மனம் வரும்?

இராசிபுரம் நண்பர் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். விதிக்கு அடங்காத சொற்களின் பட்டியல் ஒன்றைத் தொகுக்கலானார். சிற்றிதழ்க் கதைகளிலிருந்து எடுத்தார். தறிக்கூடத்தில் கேட்டதை எழுதினார். சந்தையில் நின்று கேட்டார். தம் அத்தையிடம் கேட்டார். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரில் அதன் எழுத்து வழக்கையும், எந்தப் பக்கம் அது புழங்குகிறது என்ற குறிப்பையும் சேர்த்தார். நிரலுக்குத் தேவைப்பட்டது சொல் மட்டுமே. பொருளும் ஊர்ப் பெயரும் எதற்கு என்று நாங்கள் கேட்டபோது, "சொல்லத் தனியா உட்டா அநாதையாப் போயிருமுங்க" என்றார். முந்நூறுக்கு மேற்பட்ட சொற்கள் சேர்ந்தன.

2017இல் அவர் இறந்தார்.

*

நிரல் அதன்பின்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் சேசிஸ் மாறிக்கொண்டே இருந்தது. பைத்தானின் இரண்டாம் தலைமுறைக்கான ஆதரவு 2020 ஜனவரி முதல் நாளோடு முடிந்தது. மூன்றாம் தலைமுறையில், எழுத்து வேறு, எழுத்தைச் சுமக்கும் எண் வேறு என்று கறாராகப் பிரித்துவிட்டார்கள். அந்தப் பிரிவினை நியாயமானது. ஆனால் எங்கள் நிரலின் தொழிலே அவ்விரண்டின் எல்லையில் நடப்பது. அதன் ஒவ்வொரு வரியையும் மறுபடி எழுதவேண்டி வந்தது. எழுதினோம். ஜாங்கோவின் அடுத்த பதிப்பு வந்தது, அதற்கும் தைத்தோம். பழைய கோப்புகளைத் திறந்து படிக்க நாங்கள் நம்பியிருந்த வேறொரு நிரலை, அதை எழுதியவர்கள் கைவிட்டார்கள். யாரோ அனுப்பும் கோப்பைத் திறக்கிற நிரலில் ஓட்டை இருந்தால், அது அந்தத் தளத்தின் கதவிலேயே இருக்கும் ஓட்டை. அதை அடைக்கும் அளவுக்கு அந்த நுட்பத்தை அறிந்தவர் எங்களில் இல்லை.

விட்டுவிட்டால் என்ன? யார் கேட்கப் போகிறார்கள்? திறமூல உலகில் இப்படி விடப்பட்டவை கணக்கில் அடங்காதவை. இங்கேதான் எங்களுக்கு ஏரிகளின் நினைவு வந்தது.

குடிமராமத்து என்பது எங்கள் சமவெளியில் பழஞ்சொல். ஏரியின் தண்ணீரில் பங்குள்ள ஒவ்வொருவரும் கரையை உயர்த்தவும் வாய்க்காலைத் தூர்வாரவும் உழைப்புத் தரவேண்டும். அந்த வழக்கம் தளர்ந்தபோது அதைச் சட்டத்தால் நிலைநிறுத்த ஆங்கிலேய அரசு முயன்றது. 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டமே வந்தது. சட்டத்தால் அது பிழைக்கவில்லை என்பது வேறு கதை. கவனிப்பாரில்லாத ஏரி, கவனிப்பாரில்லாத வீட்டைப் போன்றதன்று. வீடு தானே இடிந்து தன்னோடு முடிந்துபோகும். ஏரிக்குக் கீழே ஊர் இருக்கிறது. மதகு பழுதாகி, கோடி தூர்ந்து, கரை இளகி நிற்கும் ஏரியில் ஒரு பெருமழைக்குத் தண்ணீர் சேர்ந்தால், உடைப்பு கீழே இருப்பவனின் வயலில்தான் விழும். தொலைவிலிருந்து பார்ப்பவனுக்கு அது நீர் நிறைந்த நல்ல ஏரி. இன்னொரு விதமும் உண்டு. சேலம் நகருக்கு ஒரு காலத்தில் குடிநீர் தந்தது பனமரத்துப்பட்டி ஏரி. மேட்டூரிலிருந்து குடிநீர் வந்த பிறகு, அதன் தேவை குறைந்தது. தேவை குறைந்ததும் கவனம் போயிற்று. கவனம் போனதும் சீமைக் கருவேலம் புகுந்தது. அதை வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் யாரும் முடிவெடுக்கவில்லை, வேண்டாம் என்றும் முடிவெடுக்கவில்லை. முடிவெடுக்காமையே ஒரு முடிவாக வளர்ந்து காடாயிற்று.

இணையத்தில் எங்கள் நிரலும் அப்படித்தான் தோற்றமளித்தது. தேடுபவருக்கு அது கிடைக்கும். பெயரும் விளக்கமும் நன்றாக இருக்கும். நம்பி எடுத்துத் தம் தளத்தில் பொருத்துவார்.

வேறொருவரிடம் ஒப்படைத்துவிடலாமே என்றும் யோசித்தோம். முன்பின் அறியாத ஒருவர் மின்னஞ்சலில் கேட்கவும் செய்தார். அவர் நல்லவராகவே இருந்திருக்கலாம். ஆனால் ஈவன்ட்-ஸ்ட்ரீம் என்ற மாட்யூலின் கதை எங்களுக்குத் தெரியும். அதை எழுதிய டொமினிக் டார், தமக்கு அதில் ஈடுபாடு குறைந்துவிட்ட நிலையில், 2018இல் உதவ முன்வந்த ஓர் அந்நியரிடம் உரிமையைக் கொடுத்தார். அந்த அந்நியர் அதனுள் பிட்காயின் பணப்பைகளைத் திருடும் நிரலை ஒளித்துவைத்தார். 2024 மார்ச்சில் வெளிப்பட்ட எக்ஸ்இசட் விவகாரம் இன்னும் கொடியது. தனியாளாகச் சோர்ந்திருந்த பராமரிப்பாளரிடம் ஈராண்டுகளுக்கு மேல் பொறுமையாக நம்பிக்கை சம்பாதித்து ஒருவர் உள்ளே நுழைந்தார். உலகின் எண்ணற்ற கணினிகளுக்குக் கள்ளச்சாவி செய்யப்பட இருந்தது. தம் கணினியில் உள்நுழைய அரை நொடி தாமதமாவதைக் கவனித்து ஐயுற்ற ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளரால் அது பிடிபட்டது. சோர்ந்தவனிடம் யார் வந்து கைகொடுக்கிறார் என்பதைச் சோர்ந்தவன் ஆராய்வதில்லை. ஆராயும் தெம்பு இருந்தால் அவன் சோர்ந்தவனே அல்லன்.

ஆகவே முறைப்படி ஓய்வு கொடுப்பது என்று முடிவாயிற்று. ஓய்வு கொடுப்பதும் பராமரிப்புதான், கடைசிப் பராமரிப்பு.

*

முடிவு எங்களுக்குள் எளிதில் வரவில்லை. சேலத்து நண்பர் கடைசிவரை ஒப்பவில்லை. அவர் வாதம் நுட்பம் சார்ந்ததன்று. "அவன் எழுதினதுல இப்ப ஓடிட்டிருக்கறது இது ஒன்னுதான். இதையும் நிறுத்தச் சொல்றீங்களா?" என்று கேட்டார். இறந்தவர் எழுதிய வரிகள் ஒவ்வொரு நாளும் எங்கோ ஒரு கணினியில் இயங்குகின்றன என்ற எண்ணத்தில் ஓர் ஆறுதல் இருந்தது. எழுத்தாளன் இறந்தபின்னும் அவன் புத்தகம் வாசிக்கப்படுவது போன்றது அது. எங்களுக்கு உடனே பதில் கிடைக்கவில்லை.

பதிலின் பாதி, அந்த ஒப்புமையிலேயே இருந்தது. புத்தகம் ஓடவேண்டியதில்லை, வாசிக்கப்பட்டால் போதும். நண்பர் செய்தவற்றை நாங்கள் இரண்டாகப் பிரித்துப் பார்த்தோம். கொம்பை நகர்த்தும் நிரல், கோப்பைத் திறக்கும் நிரல், ஜாங்கோவோடு பொருத்தும் நிரல் ஆகியவை ஒரு வகை. அவற்றை இன்று வேறு கைகள் நம்மைவிட நன்றாகச் செய்கின்றன. பல பழைய குறியாக்கங்களை ஒருங்குறிக்கு மாற்றும் வசதி ஓப்பன்-தமிழ் நிரற்தொகுப்பில் இருக்கிறது. அந்தச் சொற்பட்டியல் இன்னொரு வகை. அது எந்தச் சேசிஸையும் நம்பி இருப்பதன்று. பைத்தான் செத்தாலும் அதற்கொன்றும் இல்லை.

விக்கிப்பீடியாவில் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் நேரடியாகத் தட்டெழுத உதவிய நாராயம் என்ற நீட்சி, 2013இல் விலக்கப்பட்டது. அதன் இடத்தில் அனைத்து மொழிகளுக்குமான ஒரு தெரிவுக்கருவி வந்தது. நீட்சிதான் போயிற்று. எந்த விசைக்கு எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணைகள், ஜேக்வரி ஐஎம்இ என்ற தனித் தொகுப்பில் இன்றும் வாழ்கின்றன. தமிழ்99 அங்கே இருக்கிறது. பாமினியும் இருக்கிறது. கூடு மாறிற்று, உயிர் போகவில்லை.

எதிர்ப்பு இன்னொரு திசையிலிருந்தும் வந்தது. இராசிபுரத்தில் தட்டச்சுக் கூடமும் அச்சகமுமாகத் தொழில் நடத்தும் ஒரு பெரியவர் எங்கள் நிரலை நம்பியிருந்தார். இருபது ஆண்டுக் கோப்புகள் அவரிடம் பழைய எழுத்துருக்களில் இருந்தன. எப்போதாவது யாரேனும் வந்து, "எங்கப்பா காரியத்துக்கு அடிச்ச மலரு இருக்குங்களா?" என்று கேட்பார்களாம். அவர் தேடி எடுத்து, எங்கள் நிரல் ஓடும் தளத்தில் ஏற்றி, ஒருங்குறியாக்கிக் கைப்பேசியில் அனுப்பிவைப்பாராம். செய்தி கேட்டதும் கோபித்துக்கொண்டார்.

"நீங்க மூடிட்டுப் போயிருவீங்க தம்பி. எங்கிட்ட இருக்கற பைலுக்கெல்லாம் யாருங்க பதில் சொல்றது?"

கேள்வி நியாயமானது. நிரல் இலவசம், யாருக்கும் எந்த உத்தரவாதமும் இல்லை என்று உரிமத்தில் எழுதியிருக்கிறது என்பதை அவரிடம் சொல்வது விடையாகாது. உரிமம் நீதிமன்றத்துக்கான மொழி. அவர் கேட்டது ஊருக்குள் கேட்கிற கேள்வி. ஆகவே ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் அவர் கூடத்துக்குப் போனோம். எல்லாக் கோப்புகளையும் ஒன்றுவிடாமல் மாற்றி, பழையதும் புதியதுமாக இரண்டு வன்தட்டுகளில் வைத்துக் கொடுத்தோம். அந்தக் கோப்புகளில் ஒரு சிற்றிதழின் ஏழு இதழ்கள் கிடைத்தன. அச்சுப் பிரதி எங்கள் யாரிடமும் இல்லாதவை. இனி ஏற்றவேண்டிய கோப்பே இல்லை என்றானபோது பெரியவர் சமாதானமானார். "அப்ப இனி அந்த மெசினு வேண்டியதில்லீங்களா?" என்று இருமுறை கேட்டு உறுதிசெய்துகொண்டார்.

நிரலைப் பயன்படுத்துவோர் ஒவ்வொருவருக்கும் இப்படிச் செய்ய இயலாது. அவர்கள் யார் என்றே எங்களுக்குத் தெரியாது. முகம் அறிந்தவருக்கு நேரில் போய் முடித்துக் கொடுப்பது, அறியாதவருக்குப் போதிய அவகாசமும் தெளிவான வழியும் தருவது என்று வகுத்துக்கொண்டோம். 2024 தை மாதத்தில் எச்சரிக்கையுடன் கடைசிப் பதிப்பை வெளியிட்டோம். நிரல் ஓடும்போதெல்லாம், இது இன்னும் ஓராண்டே என்று அது தானே சொல்லும். மாற்று எது, மாறுவது எப்படி என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிவைத்தோம். 2025 தையில் களஞ்சியத்தை, வாசிக்கலாம், மாற்ற முடியாது என்ற நிலையில் பூட்டினோம். அழிக்கவில்லை. 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற பதினோரு வரி மாட்யூலை அதன் ஆசிரியர் ஒரே நொடியில் விலக்கிக்கொண்டபோது, அதன்மேல் நின்ற ஆயிரக்கணக்கான மென்பொருள்கள் தடுமாறின. உரிமை அவருடையதுதான், ஆனால் அந்த முறை எங்களுக்கு உவப்பானதன்று. ஏறுபவர் இருக்கும்போது ஏணியை எடுக்கலாகாது.

சொற்பட்டியலைத் தனிக் கோப்பாக்கி, யாரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம் என்ற உரிமத்தில் வெளியிட்டோம். நிரலுக்குத் தேவையில்லை என்று அன்று நாங்கள் நினைத்த பொருளும் ஊர்க்குறிப்பும்தான் இன்று அதன் மதிப்பு. நிரலுக்குப் பயன்பட்ட பகுதியைக் கழித்துவிட்டால் எஞ்சுவது, சேலம் நாமக்கல் சமவெளியின் பேச்சில் இகரம் எகரமாகும் சொற்களின் சிறு அகராதி. மொழியியல் படிப்பவர்களுக்கு அது உதவும். வட்டாரக் கதைகளைத் திருத்தும் மெய்ப்புத் திருத்துநர்களுக்கும் உதவும். 'கெளம்பினான்' என்பதைக் 'கௌம்பினான்' என்று அச்சிட்ட நூல்களை நாங்களே பார்த்திருக்கிறோம்.

வெளியிடுவதற்கு முன் நண்பரின் மனைவியிடம் அனுமதி கேட்கப் போனோம். விவரத்தைச் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அப்ப அவரு எழுதுனது இனி ஓடாதுங்களா?"

"ஓடாதுங்க அக்கா. ஆனாப் படிக்கலாம்."

பட்டியலை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தோம். வாங்கிப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்று, ஒரு சொல்லைக் காட்டி, இது தம் அம்மா ஊரில் வேறு மாதிரி என்றார். எப்படி என்று கேட்டோம். சொன்னார். குறித்துக்கொண்டோம். அதன்பின் இன்னும் நான்கு சொற்கள் சொன்னார். இரண்டு எங்களுக்கே புதியவை. அவற்றையும் சேர்த்து, சேர்த்தவர் பெயரையும் அவர் விருப்பப்படி எழுதினோம்.

பூட்டிய களஞ்சியத்தில் யாரும் இனி ஒரு வரியும் எழுத முடியாது. பட்டியல் திறந்தே இருக்கிறது. சென்ற மாதம் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியர் ஒன்பது சொற்கள் அனுப்பியிருக்கிறார். சேலத்து நண்பர் அவற்றைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார். இதை வாசிப்பவர்கள் வீட்டிலும் கொம்பும் மெய்யும் வெறும் ளகரமுமாக ஏதேனும் ஒரு சொல் புழங்கக்கூடும். ஊர்ப் பெயரோடு எழுதி அனுப்பினால் சேர்த்துக்கொள்வோம்.